கீமோவைத் தாங்கும் காலம்: முற்றிய நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு

நுரையீரலில் தோன்றிய புற்றுக்கட்டி மறுபக்க நுரையீரலுக்கோ, நுரையீரலைச் சூழ்ந்த உறைக்கோ, எலும்பு, ஈரல், மூளை போன்ற தொலைவான உறுப்புகளுக்கோ பரவிவிட்டால் அதை நான்காம் நிலை என்பார்கள். முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். இந்த நிலையில் கட்டியை மட்டும் வெட்டி எடுப்பதால் நோய் தீராது. ரத்தத்தோடு கலந்து உடல் முழுவதும் போகும் மருந்துதான் முதன்மைச் சிகிச்சை. அத்தகைய மருந்துகளில் மிகப் பழையது, இன்றும் கைவிடப்படாதது, கீமோதெரபி. நோயாளிகளும் வீட்டாரும் அதைச் சுருக்கமாகக் கீமோ என்கிறார்கள்.

நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ கொடுக்கத் தொடங்கி முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. கட்டியைச் சுருக்கும் மருந்தைத் தேடிய முயற்சி இந்த வரலாற்றின் ஒரு பாதி. அந்த மருந்தை மனித உடல் தாங்கும்படி செய்த முயற்சி மறுபாதி. முதல் பாதி பாடப்புத்தகங்களில் விரிவாக இருக்கிறது. நோயாளியின் அன்றாட வாழ்க்கையை மாற்றியதில் இரண்டாம் பாதிக்கும் அதே அளவு பங்கு உண்டு.

அரிய நோய் பெருநோயான கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நுரையீரல் புற்றுநோய் மிக அரிதாகவே காணப்பட்டது. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களை இளம் வயதிலேயே கொன்றுவந்த 'மலைநோய்' நுரையீரலில் வளரும் கட்டிதான் என்று ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் 1879இல் எழுதினர். பாறையிலிருந்து கசிந்த ரேடான் என்னும் கதிரியக்க வாயுவே காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. 1912இல் அமெரிக்க மருத்துவர் ஐசக் ஆட்லர் இந்த நோய்க்கென்றே ஒரு நூல் எழுதினார். உலகெங்கும் பதிவான நோயாளிகளைத் தேடித் திரட்டியபோது அவருக்குக் கிடைத்தவை 374 மட்டுமே.

இயந்திரத்தில் சுற்றிய சிகரெட் இந்த நிலையை மாற்றியது. 1880களில் வந்த பான்சாக் இயந்திரம் சிகரெட்டை மலிவாக்கியது. முதல் உலகப்போர் அதைப் படைவீரர்களின் கையில் சேர்த்தது. ஒரு தலைமுறை கழிந்ததும் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகள் பெருகினர். 1950இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகியோரும், அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டர், எவர்ட்ஸ் கிரகாம் ஆகியோரும் நடத்திய ஆய்வுகள் புகைப்பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவின.

கிரகாம் அறுவை மருத்துவர். 1933 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு நோயாளியின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் அகற்றி, நுரையீரல் புற்றுநோயை அறுவையால் தீர்க்க முடியும் என்று முதலில் காட்டியவர் அவர். நெடுங்காலம் சிகரெட் பிடித்துவந்த அவர் தம் ஆய்வின் முடிவை ஏற்றுப் பழக்கத்தை விட்டார். ஆனாலும் 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார். அவரிடம் அறுவை செய்துகொண்ட நோயாளி அவருக்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நோய்க்கும் பரவிய நோய்க்கும் உள்ள தூரத்தை இந்த இருவரின் வாழ்வும் காட்டுகின்றன.

நுரையீரல் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு இல்லை. கட்டி மூச்சுக்குழாயை அடைக்கும்வரை, அல்லது நெஞ்சுச் சுவரையோ எலும்பையோ தொடும்வரை, உடல் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. இருமலைச் சளி என்றும், நம் நாட்டில் பல நேரங்களில் காசநோய் என்றும் எண்ணி மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஆகவே நோயாளிகளில் பெரும்பாலோர் மருத்துவரிடம் வரும்போதே நோய் பரவியிருக்கிறது. புகையைத் தொடாதவர்களும் இவர்களில் உண்டு. வெளிக்காற்றின் மாசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் அறிவித்தது. 'சிகரெட் பிடிப்பீர்களா?' என்று பார்க்க வருபவர்கள் எல்லாம் கேட்கும் கேள்வி நோயாளிக்குக் கூடுதல் சுமை. பிடித்தவரானாலும் பிடிக்காதவரானாலும் சிகிச்சைக்கும் பரிவுக்கும் உள்ள உரிமை ஒன்றே.

போர்க்கள வாயுவிலிருந்து மருந்துக் குப்பிக்கு

கீமோவின் தொடக்கம் போர்க்களத்தில். 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்ரஸ் அருகே ஜெர்மானியப் படை முதன்முதலாக மஸ்டர்ட் வாயுவை வீசியது. அதில் சிக்கியவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருந்ததை மருத்துவர்கள் கவனித்தனர். வேகமாகப் பெருகும் அணுக்களை இந்தப் பொருள் அழிக்கிறது என்றால், கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றணுக்களையும் அழிக்கக்கூடும் என்ற எண்ணம் பின்னர் எழுந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் ஆகியோர் மஸ்டர்ட் வாயுவுக்கு உறவான நைட்ரஜன் மஸ்டர்டை ஆராய்ந்தனர். 1942 ஆகஸ்டில் நிணநீர்ப் புற்று முற்றிய ஒருவருக்கு அது ஊசியாகச் செலுத்தப்பட்டது. கழுத்தை நெரித்த கட்டிகள் சில நாட்களில் கரைந்தன. பிறகு திரும்ப வளர்ந்தன. போர்க்கால ரகசியம் என்பதால் முடிவுகள் 1946இல்தான் வெளியாயின.

இந்த மருந்தை நுரையீரல் புற்றுநோய்க்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையைச் சேர்ந்த டேவிட் கர்னோஃப்ஸ்கி. 1948இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு நைட்ரஜன் மஸ்டர்ட் கொடுத்ததன் விளைவை வெளியிட்டனர். பலருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வலியும் சில வாரங்களுக்குத் தணிந்தன. நோய் தீரவில்லை.

தீராத நோய்க்குக் கொடுத்த மருந்து பயன் தந்ததா இல்லையா என்பதை எதைக்கொண்டு அளப்பது? எக்ஸ்ரேயில் கட்டி சிறுத்திருக்கலாம். நோயாளி படுக்கையைவிட்டு எழாமல் இருக்கலாம். கட்டி அப்படியே இருக்கலாம். நோயாளி எழுந்து நடந்து, தானே குளித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடலாம். இதை அளக்கக் கர்னோஃப்ஸ்கி குழுவினர் 100இலிருந்து பத்துப் பத்தாக இறங்கும் ஓர் அளவுகோலை வகுத்தனர். குறையேதுமின்றி இயல்பாக இருப்பவருக்கு 100. வேலைக்குப் போக முடியாமல், தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடிந்தவருக்கு 70. அடிக்கடி பிறர் உதவியும் மருத்துவக் கவனிப்பும் தேவைப்படுபவருக்கு 50. இறப்பின் விளிம்பில் இருப்பவருக்கு 10. கருவி எதுவும் வேண்டாத இந்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. கீமோவைத் தாங்கும் வலு ஒருவருக்கு இருக்கிறதா என்று முடிவுசெய்ய மருத்துவர் முதலில் பார்ப்பது இதையோ, இதன் சுருக்கமான வடிவத்தையோதான். கர்னோஃப்ஸ்கியும் 1969இல் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார்.

திருவல்லிக்கேணி மாணவர் விட்டுச்சென்ற மருந்து

கர்னோஃப்ஸ்கி தம் முடிவுகளை வெளியிட்ட அதே 1948இல் கீமோவின் இன்னொரு கிளையும் முளைத்தது. அதன் வேர் சென்னையோடு சேர்ந்தது. ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். குடல்நோயான ஸ்ப்ரூவுக்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். 1923இல் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆய்வு செய்த அவர், 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. ஸ்ப்ரூவால் வரும் ரத்தசோகைக்கு அது மருந்தாயிற்று.

அணு பிளந்து பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அதைப் போலவே தோற்றம் கொண்டு, அதன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒரு பொருளைச் செய்தால் புற்றணு பெருக முடியாமல் போகும். சுப்பாராவ் குழு அப்படி உருவாக்கிய அமினோப்டெரினைப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948 ஜூனில் அறிவித்தார். இரண்டே மாதங்களில், ஆகஸ்டில், சுப்பாராவ் 53ஆம் வயதில் காலமானார். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் பயனில் உள்ளது.

இந்தக் கிளையிலிருந்து நுரையீரல் புற்றுநோய்க்குரிய மருந்து வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. வண்ணத்துப்பூச்சி இறகின் நிறமிகளில் உள்ள ஒரு வேதி வளையம் ஃபோலிக் அமிலத்திலும் இருப்பது பிரின்ஸ்டன் வேதியியலாளர் எட்வர்ட் டெய்லரை ஈர்த்தது. அந்த ஆர்வத்தின் முடிவில் வந்தது பெமெட்ரெக்செட். தொடக்கச் சோதனைகளில் நோயாளிகள் சிலர் மருந்தின் நச்சுத்தன்மையால் இறந்தனர். உடலில் ஃபோலிக் அமிலமும் பி12 உயிர்ச்சத்தும் குறைந்தவர்களையே மருந்து கடுமையாகத் தாக்குகிறது என்று கண்டறிந்ததும், 1999 முடிவிலிருந்து எல்லா நோயாளிகளுக்கும் அவ்விரண்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. ஆபத்து பெருமளவு குறைந்தது. இன்று பெமெட்ரெக்செட் ஏற்றிக்கொள்பவர் ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குகிறார். பி12 ஊசியும் போட்டுக்கொள்கிறார். ஃபோலிக் அமிலம், அதைத் தடுக்கும் மருந்து என்ற இரண்டின் பாதையையும் தொடங்கிவைத்தது சுப்பாராவின் ஆய்வகம்.

சுப்பாராவுக்கு முன்பே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரம் அவரைப் புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கத் தூண்டியது. 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு சேர்ந்த வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். வசதியற்ற தமிழ்க் குடும்பங்களுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சை எட்டியதற்கு அந்த 12 படுக்கைகள் தொடக்கம்.

பிளாட்டினம் கொடுத்ததும் எடுத்ததும்

1965இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் மின்புலம் நுண்ணுயிர்களை எப்படிப் பாதிக்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார். நுண்ணுயிர்கள் பிளவுபடுவதை நிறுத்திவிட்டு, இழைபோல நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல. மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினத்தால் உண்டான ஒரு சேர்மம். அந்தச் சேர்மம் 1845இலேயே இத்தாலிய வேதியியலாளர் பெய்ரோன் தயாரித்ததுதான். சிஸ்பிளாட்டின் என்ற பெயரில் 1978இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. அது புற்றணுவின் மரபுப்பொருளில் குறுக்குப் பிணைப்புகளை இட்டு, அணு பிரதி எடுக்க முடியாமல் செய்கிறது.

சிஸ்பிளாட்டின் நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பானது. ஆனால் ஆயுளைக் கூட்டுகிறதா என்ற வாதம் நெடுநாள் நீடித்தது. 52 சோதனைகளில் பங்கேற்ற 9,387 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த முடிவு 1995இல் வந்தது. முற்றிய நோயில், சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ ஓராண்டு வாழ்பவர்களின் விகிதத்தை நூற்றுக்குப் பத்து கூட்டியது. நடுத்தர ஆயுள் நீட்சி சுமார் ஒன்றரை மாதம். சிறிய லாபம்தான், ஆனால் உறுதியாகத் தெரிந்த லாபம்.

அந்த லாபத்துக்கு உடல் கொடுத்த விலை பெரியது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுத்தது; செவித்திறனைக் குறைத்தது; விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்தது. மருந்துக்கு முன்னும் பின்னும் உப்புநீரை நரம்பில் ஏற்றிச் சிறுநீர் தாராளமாகப் போகும்படி செய்யும் முறை 1970களில் வந்ததும் சிறுநீரகம் காக்கப்பட்டது. சிறுநீரகத்தை அவ்வளவு வருத்தாத கார்போபிளாட்டின் 1980களின் இறுதிக்குள் வழக்கத்துக்கு வந்தது.

குமட்டல் தணிந்த வழி

எல்லாவற்றையும்விட நோயாளிகள் அஞ்சியது வாந்திக்கு. தடுப்பு மருந்து இல்லாமல் சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ அனைவரும் வாந்தி எடுத்தனர். ஒரே நாளில் பல முறை. சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. மருத்துவமனை வாசலை, மருந்துக் குப்பியைக் கண்டாலே குமட்டல் வந்தவர்களும் உண்டு. கீமோவின் தொல்லைகளில் மோசமானது எது என்று நோயாளிகளையே கேட்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒன்று 1983இல் வெளிவந்தது. முதலிடம் வாந்தி, இரண்டாவது குமட்டல், மூன்றாவது முடி உதிர்தல்.

1981இல் ரிச்சர்ட் கிராலா குழுவினர் மெட்டோகுளோப்ரமைடை அதிக அளவில் கொடுத்து வாந்தியைக் குறைக்கலாம் என்று காட்டினர். அடுத்த முன்னேற்றம் குமட்டலின் வழியைப் புரிந்துகொண்டதில் கிடைத்தது. கீமோ மருந்து குடலின் உட்சுவரைத் தாக்கும்போது செரட்டோனின் என்னும் பொருள் வெளிப்படுகிறது. அது வேகஸ் நரம்பைத் தூண்டி மூளையின் வாந்தி மையத்துக்குச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியை வாசலிலேயே தடுக்கும் ஒண்டான்செட்ரான் 1990ஐ ஒட்டிப் பயனுக்கு வந்தது. 2003இல் அப்ரெபிட்டண்ட் சேர்ந்தது. பின்னர், வேறு நோய்க்கு உருவான ஓலான்சபைனும் சிறு அளவில் உதவுவது தெரிந்தது.

1983இல் கேட்ட கேள்வியை அதே நாட்டில் பத்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கேட்டபோது வாந்தி ஐந்தாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. குமட்டல் முதலிடத்துக்கும், ஓயாத களைப்பு இரண்டாமிடத்துக்கும் வந்தன. நான்காம் இடத்தில், தம் நோயால் குடும்பம் படும் பாடு என்ற கவலை இருந்தது. உடலின் ஒரு துன்பம் குறைந்தபோது மனத்தின் துன்பம் கண்ணுக்குத் தெரிந்தது.

இருபத்தொரு நாள் கணக்கு

நுரையீரல் புற்றுநோய்க்கான கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை கொடுக்கப்படுகிறது. இந்தக் கணக்கு எலும்பு மஜ்ஜையின் இயல்பிலிருந்து வந்தது. மருந்து புற்றணுவோடு, உடலில் வேகமாகப் பெருகும் நல்ல அணுக்களையும் தாக்குகிறது: ரத்தம் ஊறும் மஜ்ஜை, வாய், குடல் உட்சுவர், மயிர்க்கால். அவை மீண்டெழ ஏறத்தாழ மூன்று வாரம் வேண்டும்.

முதல் நாள் ரத்தப் பரிசோதனையில் தொடங்குகிறது. அணுக்கள் போதுமானால்தான் மருந்து. கையில் நரம்பு தேடி ஊசி குத்துவதே பல முறை கீமோ கண்டவருக்குப் பெரும்பாடு. ஆகவே சிலருக்குத் தோளுக்குக் கீழே தோலடியில், மருந்தை நேராக நரம்பில் ஏற்ற உதவும் போர்ட் என்னும் சிறு கருவி பொருத்தப்படுகிறது. குமட்டல் தடுப்பு மருந்தும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் முதலில் ஏறுகின்றன. பிறகு கீமோ சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஸ்டீராய்டின் வேகத்தில் அன்றிரவு தூக்கம் வராது; அது வடிந்த மூன்றாம், நான்காம் நாள் உடல் துவண்டுபோகும். வாயில் உலோகச் சுவை தங்கும். பிடித்த குழம்பின் தாளிப்பு வாசமே குமட்டும். மோர்சாதம், கஞ்சி, இட்லி என்று நாக்கு ஏற்பதைத் தேடித்தேடிக் கொடுக்கவேண்டியிருக்கும். இரண்டாம் வாரத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்தைத் தொடும். அப்போது 100.4 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல் அவசரநிலை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூன்றாம் வாரம் சுவை திரும்பும், நடை திரும்பும், வீட்டில் பேச்சும் சிரிப்பும் திரும்பும். அப்போது அடுத்த முறைக்கான தேதி வந்து நிற்கும். நான்கிலிருந்து ஆறு முறை இப்படி.

வெள்ளணுக்களை ஊறச்செய்யும் ஃபில்கிராஸ்டிம் ஊசி 1991இல் வந்தபின் தொற்றால் வரும் ஆபத்து குறைந்தது. முன்பு பல நாள் மருத்துவமனையில் தங்கிப் பெற்ற சிகிச்சையைக் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பிப் பெற முடிந்தது. கீமோவைத் தாங்குவது நோயாளியின் மனவலிமையை மட்டும் பொறுத்தது என்று நினைப்பது தவறு. அதைத் தாங்கக்கூடியதாக்கியவை இந்தத் துணை மருந்துகள். கேட்டுப் பெறவேண்டியவையும் அவையே.

எட்டு மாதச் சுவர்

1990களில் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த பேக்லிடாக்சல், அதன் உறவான டோசிடாக்சல், ஜெம்சிட்டபின் எனப் புதிய மருந்துகள் பிளாட்டினத்தோடு சேர்ந்தன. எந்தச் சேர்க்கை சிறந்தது? நான்கு சேர்க்கைகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. நான்கும் சமம். நடுத்தர ஆயுள் 7.9 மாதம். கீமோவை மட்டும் வைத்துக்கொண்டு அந்த எல்லையை வெகுவாகத் தாண்ட முடியவில்லை.

சுவரில் முதல் வாசல் 2004இல் திறந்தது. சிலருடைய கட்டியில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணு பிறழ்ந்திருப்பதும், அவர்களுக்கு ஜெஃபிட்டினிப் மாத்திரை வியப்பூட்டும் பலன் தருவதும் தெரிந்தது. இந்தப் பிறழ்வு புகைக்காதவர்களிடமும் ஆசியரிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. பிறழ்வு உள்ளவர்களுக்குக் கீமோவைவிட மாத்திரையே நோயை நீண்டநாள் அடக்குகிறது என்று ஆசிய நாடுகளில் நடந்த ஆய்வு 2009இல் உறுதிசெய்தது.

மாத்திரையும் கீமோவும் ஒருவர் வாழ்வில் எப்படி அடுத்தடுத்து வருகின்றன என்பதற்குச் சான்று, தென்னிந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் பால் கலாநிதி. புகைப்பழக்கம் இல்லாத அவருக்கு 2013இல், 36ஆம் வயதில், நான்காம் நிலை நோய் தெரிந்தது. இஜிஎஃப்ஆர் மாத்திரை அவரை அறுவை அரங்குக்குத் திரும்ப அனுப்பியது. அடுத்த ஆண்டு கட்டி மீண்டும் வளர, கீமோ தொடங்கியது, உடல் நலிந்தது. அந்த ஆண்டில்தான் அவர் மகளும் பிறந்தாள். 2015 மார்ச்சில் காலமானார். சிகிச்சைக் காலத்தில் அவர் எழுதிய 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' 2016இல் வெளிவந்து, இந்த நோயோடு வாழ்வதைப் பற்றிய உலகறிந்த நூலாயிற்று.

இரண்டாம் வாசல் நோய் எதிர்ப்பாற்றலை விடுவிக்கும் மருந்துகள். 2015 முதல் அவை நுரையீரல் புற்றுநோய்க்கு வந்தன. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களில் பிறழ்வு இல்லாத, செதிளணு வகையைச் சேராத நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. பெமெட்ரெக்செட்டும் பிளாட்டினமும் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 49 பேரும், அவற்றோடு பெம்ப்ரோலிசுமாப் என்னும் எதிர்ப்பாற்றல் மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 69 பேரும் ஓராண்டு கடந்தனர். புதிய மருந்து வந்தும் கீமோ வெளியேறவில்லை. அதன் துணையாக நிற்கிறது. புதிய மருந்தின் விலைதான் இந்தியக் குடும்பங்களுக்குப் பெரும் தடை.

வலியைத் தணிக்கும் மருத்துவம்

1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம், தீராத நோயாளியின் வலியை உடல், மனம், குடும்பம், ஆன்மா என்ற நான்கும் சேர்ந்த முழு வலியாகப் பார்த்தது. வேளை தவறாமல் மார்ஃபின் கொடுத்து வலியை வருமுன் தடுத்தது. 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிநிலை முறையை வெளியிட்டது. மார்ஃபின் வலிக்கு மட்டுமன்றி, முற்றிய நோயின் மூச்சுத்திணறலுக்கும் ஆறுதல் தருவது.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினை மருத்துவமனைகளுக்கே எட்டாததாக்கியது. அபின் விளையும் நாட்டிலேயே புற்றுநோயாளிகள் வலியால் துடித்தனர். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலித்தணிப்பு மையம், வீடு தேடிச் சென்று கவனிக்கும் இயக்கமாகக் கேரளம் எங்கும் பரவியது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது.

வலியையும் பிற துன்பங்களையும் தணிக்கும் இந்த நோய்த்தணிப்புச் சிகிச்சை, எல்லாம் கைவிட்டபின் வருவது என்ற எண்ணத்தை மாற்றியதும் நுரையீரல் புற்றுநோயாளிகள் பங்கேற்ற ஓர் ஆய்வுதான். பாஸ்டனில் ஜெனிஃபர் டெமல் குழுவினர், நோய் பரவிய 151 பேரை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றதற்கு அதோடு தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புக் கவனிப்பும். 2010இல் வெளியான முடிவில், இரண்டாம் பிரிவினரிடம் மனச்சோர்வு குறைவாகவும் வாழ்க்கைத் தரம் மேலாகவும் இருந்தது. கடைசி நாட்களில் பயனற்ற கடும் சிகிச்சையும் அவர்களுக்குக் குறைவாகவே நடந்தது. அப்படியிருந்தும் அவர்களே கூடுதல் காலம் வாழ்ந்தனர்: நடுத்தர ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம்.

1995இல் சிஸ்பிளாட்டினுக்குக் கணக்கிட்ட ஒன்றரை மாதத்தைவிட இந்த வேறுபாடு பெரியது. முற்றிய புற்றுநோய் உறுதியான எட்டு வாரங்களுக்குள், கீமோவோடு சேர்த்தே, நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தொடங்கவேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2016இல் நெறிமுறை வகுத்தது. நான்காம் நிலை என்று மருத்துவர் சொல்லும் அன்றே நோயாளியும் குடும்பமும் கேட்டுப் பெறவேண்டியவை இரண்டு: கட்டிக்கான மருந்து, துன்பத்துக்கான மருந்து. இரண்டும் சேர்ந்ததே முழுமையான சிகிச்சை.